கேட்க முந்தி நீட்டு

அன்புராசாவின் காரில் குளொவ் பொக்ஸ் தானாகத் திறந்துகொள்ளத் தொடங்கியது, அவர் பொலிஸ் மேற்பார்வைச் சபைக்குத் தலைவராகி இரண்டாவது குளிர்காலத்தில். ரொறன்ரோவில், மோர்னிங்சைட் வீதியில் சிவப்பு விளக்குக்கு நிற்பார். பக்கத்து இருக்கையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மூடி கீழே விழுந்து, உள்ளே கிடக்கும் இன்சூரன்ஸ் துண்டும் பழைய கையுறையும் தெரியும். எட்டி மூடுவார். இரண்டு விளக்குத் தள்ளி மறுபடியும் திறக்கும்.

அஜின்கோர்ட்டில் கராஜ் வைத்திருக்கும் பேபியிடம் காரைக் கொண்டுபோனார். பேபி ஐம்பது வயதைத் தாண்டிய தடித்த ஆள். பெயரைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு அவர் பில்லைக் கூட்டிப் போடுவார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அவர் பூட்டை இழுத்தார், தட்டினார், கதவை ஓங்கி அடித்துப் பார்த்தார்.

"இதிலை ஒரு பிழையும் இல்லை அண்ணை. நீங்கள் வடிவாப் பூட்டுறேல்லைப் போல கிடக்கு."

அன்புராசா வாதாடவில்லை. வீட்டுக்குப் போய் அகலமான டேப் ஒன்றை எடுத்து மூடியின் குறுக்கே ஒட்டினார். நகரத்தின் பொலிஸையே கேள்வி கேட்கும் கதிரையில் இருக்கிற மனிதர், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பயந்து டேப் ஒட்டினார் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். அவர் மனைவி துர்க்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்த டேப்பைப் பார்த்த நாளிலிருந்து அவள் பின் இருக்கையில்தான் ஏறினாள்.

இந்தப் பயம் எங்கேயிருந்து வந்தது என்று சொல்ல, முப்பது வருடத்துக்கு மேல் பின்னால் போகவேண்டும். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் அப்போது ஆமிக்காரரின் சோதனைச் சாவடி ஒன்று இருந்தது. அன்புராசாவும் அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதன் கிளிபோட்டும் ஒரே சைக்கிளில் வந்தார்கள். கிளிபோட் பறங்கி வீட்டுப் பிள்ளை. எதையும் அலட்டிக்கொள்ளாதவன். சாவடி கண்ணில் பட்டதுமே அன்புராசா அடையாள அட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கிளிபோட் சீட்டியடித்துக்கொண்டு மிதித்தான். துவக்கோடு நின்றவன் கேட்ட பிறகுதான் ஒரு பொக்கற்றைத் தடவினான், பிறகு மற்றப் பொக்கற்றை. நின்றவனுக்குப் பொறுமை இல்லை. "இவன் நிக்கட்டும், நீ போ" என்று கையைக் காட்டினான். அன்புராசா சைக்கிளை உருட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி, அந்தக் கரையில் இருட்டும்வரை நின்றார். கிளிபோட் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. சைக்கிளைக் கிளிபோட்டின் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அன்புராசாதான்.

அந்த மாலை அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. கேட்க முந்திக் கையில் இருக்கவேண்டும். கேட்ட பிறகு தேடுகிறவன் செத்தான்.

கனடாவுக்கு வந்தவர் எல்லாரையும் போலக் கோப்பை கழுவினார், தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார், முதுகு பிடித்துப் படுத்தார். பிறகு டிரைவிங் படிப்பிக்கத் தொடங்கினார். கூரையில் மஞ்சள் போர்டு வைத்த கார், பயிற்சியாளர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக். அந்த வேலை அவருக்கென்றே செய்ததுபோல் பொருந்தியது. சத்தம் போடமாட்டார், திட்டமாட்டார். பிள்ளை பிழை விட்டால் தன் பக்கத்துப் பிரேக்கை மெல்ல மிதித்துவிட்டு, "பறவாயில்லை மனே, திருப்பி எடு" என்பார். மல்வேர்னில் அவரிடம் படித்த ஒருவராவது இல்லாத தமிழ் வீட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

கடைசி வகுப்பில், பரீட்சைக்கு முதல் நாள், புத்தகத்தில் இல்லாத பாடம் ஒன்றையும் அவர் சொல்லிக்கொடுப்பார். காரை ஓரமாக நிற்பாட்டச் சொல்லிவிட்டுத் தொடங்குவார்.

"பொலிஸ் மறிச்சாப் பயப்பிடாத. ஓரமா விடு. கண்ணாடியை இறக்கு. அவன் நடந்து வாற நேரத்துக்குள்ள லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஓனர்ஷிப் மூண்டையும் எடுத்துக் கையில வைச்சிரு. கேக்க முந்தி நீட்டு. கேட்டுப்போட்டுத் தேடுறவனிலதான் அவங்களுக்குச் சந்தேகம். விளங்கிச்சா?"

பிள்ளைகள் தலையாட்டுவார்கள். இரண்டு முறை செய்துகாட்டச் சொல்லுவார். அந்தப் பிள்ளைகள் குளொவ் பொக்ஸைத் திறந்து கடதாசிகளை எடுக்கும் வேகத்தைப் பார்த்து உண்மையாகவே சந்தோசப்படுவார். கிளிபோட்டுக்கு இதை ஒருவர் இப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தால் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பார். நல்லதுதான் செய்கிறோம் என்பதில் அவருக்கு மயிரிழையும் சந்தேகம் இருக்கவில்லை.

அரசியலுக்கு அவரைக் கொண்டுவந்ததும் அந்தக் கார்தான். பள்ளிச் சபைக்கு ஆள் தேவைப்பட்டபோது, யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர் சங்கங்கள் ஆளுக்கொரு வேட்பாளரை நிறுத்தி ஒன்றையொன்று இழுத்து விழுத்திக்கொண்டிருந்தன. மட்டக்களப்பாரை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் "ஆ" என்று ஒரு மாதிரி நீட்டி நிறுத்துகிறவர்கள்தானே. அன்புராசாவின் விளம்பரப் பலகையில் ஒரு ஸ்டியரிங் படம் மட்டும் இருந்தது. அவரிடம் படித்தவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் பேசாமல் போய் வாக்குப் போட்டார்கள். எண்ணி முடிந்தபோது மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

பிறகு நகரசபை. செத்தவீடு என்றால் முதல் வரிசை, சாமத்தியவீடு என்றால் மேடையில் ஒரு படம், பனி கொட்டினால் வயது போன சனத்தின் வாசலில் பனி அள்ளச் சவளோடு அவரே. இதையெல்லாம் நடிப்பு என்று சொல்லுகிறவர்களும் இருந்தார்கள். பாதி நடிப்புத்தான். மற்றப் பாதியில் அவருக்குச் சனங்களை உண்மையாகவே பிடித்திருந்தது. எங்கள் பொடியள் மல்வேர்னில் காரை எடுத்தால் நாலு இடத்தில் மறிக்கிறார்கள் என்று பெற்றோர் குறைப்பட்டபோது, "மறிக்கிறவையை மறிச்சுக் கேக்க ஒருத்தன் வேணும்" என்று மேடையில் சொன்னார். கைதட்டல் ஓய நேரமெடுத்தது. நகரசபை அவரைத் தெரிவுசெய்து பொலிஸ் மேற்பார்வைச் சபைக்கு அனுப்பியது. சில வருடங்களில் அந்தச் சபையின் உறுப்பினர்களே வாக்குப் போட்டு அவரைத் தலைவராக்கினார்கள். அங்கே அவரை எல்லாரும் 'மிஸ்டர் வீரக்குட்டி' என்றார்கள். அது அவருடைய தகப்பனின் பெயர். ஒருநாளும் ஊரைவிட்டு வெளியே வராத அந்த மனுசன் ரொறன்ரோவில் பொலிஸைக் கண்காணிப்பதாக அன்புராசா வீட்டில் பகிடி விடுவார்.

அந்தப் பகிடி பெப்ரவரியில் ஒரு காலையில் முடிந்தது.

விதுஷனுக்கு இருபத்தாறு வயது. பரிமளத்தின் மூத்தவன். தகப்பன் இல்லாத வீட்டில் விட்பியில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கியவன். வேலைக்குப் போகும் வழியில் பின்பக்கத்து விளக்கு ஒன்று எரியவில்லை என்று ஒரு பொலிஸ்காரர் மறித்தார். விதுஷன் சிக்னல் போட்டான், ஓரமாக விட்டான், கண்ணாடியை இறக்கினான். பிறகு வலப்பக்கம் குனிந்து குளொவ் பொக்ஸைத் திறந்தான். பொலிஸ்காரர் அப்போதுதான் கண்ணாடியடிக்கு வந்தார், இன்னும் எதையும் கேட்கவேயில்லை. அவர் கண்டது குனிகிற ஒரு தோளையும், திறந்த பெட்டிக்குள் பெட்டி வெட்டும் கத்தி ஒன்றையும். களஞ்சியத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரிடமும் இருக்கும் கத்தி அது. கடதாசிகள் அதற்குக் கீழே கிடந்தன. வெடிச்சத்தம் இரண்டு தரம் கேட்டது.

செத்தவீட்டுக்கு அன்புராசா வழக்கம்போலப் போனார். பரிமளம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன், இவன் உங்களிட்டத்தானே படிச்சவன். முதல் தரமே பாஸ் பண்ணினவன்."

அவர் "ஓம் தங்கச்சி" என்றார். அப்போது அவருக்கு நடந்தது முழுவதும் தெரியாது. அடுத்த வாரம் மூடிய அறையில் சபைக்கு விபரம் சொன்னார்கள். யாரும் எதையும் கேட்க முந்தியே அந்த இளைஞன் ஏன் குனிந்தான் என்பதுதான் விளங்கவில்லை என்று ஒரு அதிகாரி சொன்னார். மேசைக்குக் கீழே அன்புராசாவின் வலது கால் கம்பளத்தை அழுத்தி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. எவ்வளவு மிதித்தும் எதுவும் நிற்கவில்லை.

அந்த மாதத்தில்தான் குளொவ் பொக்ஸ் திறக்கத் தொடங்கியது.

சொல்லியிருக்கலாம். அந்த அறையிலேயே சொல்லியிருக்கலாம். அவர் சபையின் வழக்கறிஞரிடம் போய், ஒரு ஆளைத் தெரியும் என்பதுபோலச் சுற்றி வளைத்துக் கேட்டார். வழக்கறிஞர் கெட்டிக்காரர். விசாரணை நடக்கும்போது தலைவர் வாய் திறக்கக் கூடாது, சொல்வதற்கு ஏதும் இருந்தால் முதலில் கதிரையை விட்டு எழும்பவேண்டும், அதன் பிறகு உங்கள்மேலேயே வழக்கு வரலாம் என்றார். அன்புராசா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். வாய் திறக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, அதுதான் வெட்கம்.

பொலிஸ் சுட்டால் விசாரிக்கிற தனிப் பிரிவு எட்டு மாதம் எடுத்தது. தன்மேல் கத்தி வருகிறது என்று பொலிஸ்காரர் நம்பியதற்கு நியாயம் இருக்கிறது, வழக்கு இல்லை என்று முடித்தது. தமிழ்ச் சனங்களே கடைகளில் நின்று, "உவன் கத்தியோடை ஏன் திரிஞ்சவன்?" என்று கதைத்தார்கள். செத்தவன் திரும்பி வந்து பதில் சொல்லமாட்டான் என்ற தைரியம்.

அடுத்த கூட்டத்துக்குப் பரிமளம் வந்தாள். சபையின் முன்னால் பொதுமக்கள் யாரும் பேர் கொடுத்துப் பேசலாம், ஆளுக்கு ஐந்து நிமிடம். பரிமளத்துக்கு இங்கிலிஸ் வராது. மகள் கோபிகா பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள். அவள் இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள்.

பரிமளம் ஒலிவாங்கியைக் கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"என்ர புள்ள கத்தி எடுக்கக் குனியல்ல. கடதாசி எடுக்கத்தான் குனிஞ்சவன். பொலிஸ் மறிச்சா, கேக்க முந்தி எடுத்துக் கையில வைக்கணும் எண்டு அவனுக்குப் படிப்பிச்சது. படிப்பிச்ச ஆள் இஞ்சதான் இரிக்கார். அந்த நடுக்கதிரையில இரிக்கிற அண்ணன்தான். அவரிட்டக் கேளுங்க. அவர் நல்ல மனுசன், சொல்லுவார்."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. சாட்சிக்கு ஆள் கிடைத்துவிட்ட நம்பிக்கையும், அந்த ஆள் பெரிய கதிரையில் இருக்கிறார் என்ற கொஞ்சம் பெருமையும்தான் இருந்தன. கோபிகா மொழிபெயர்த்தாள். அண்ணா கடதாசி எடுக்கத்தான் குனிந்தான் என்று அம்மா சொல்கிறா என்றாள். முன்கூட்டியே எடுத்து வைக்கும்படி அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள். மிச்சத்தை அவள் சொல்லவில்லை. நேரே அன்புராசாவைப் பார்த்தாள்.

அந்தப் பெரிய அறையில் தமிழ் தெரிந்தவர்கள் அவர்கள் மூன்று பேர்தான். மற்றவர்கள் இரக்கத்தோடு தலையாட்டினார்கள். அன்புராசாவின் கால் மேசைக்குக் கீழே மிதித்துக்கொண்டிருந்தது. அவர் ஒலிவாங்கிக்குக் குனிந்து, அந்தக் கதிரையில் இருக்கிறவர்கள் எல்லாரும் சொல்லும் இங்கிலிஸ் வசனத்தைச் சொன்னார். இங்கே வந்து உங்கள் கருத்தைத் தெரிவித்ததற்கு நன்றி, அடுத்தவர் வரலாம்.

பரிமளம் அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அண்ணன் சொல்லிவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இடைவேளைக்கு வெளியே வந்தவரைக் கோபிகா நடைவழியில் பிடித்தாள்.

"அங்கிள், நீங்கள் சொல்லிட்டீங்களோ எண்டு அம்மா கேட்டவ. ஓம் எண்டு சொல்லிட்டன். ஷி ஹாஸ்ன்ட் ஸ்லெப்ட், அங்கிள். இண்டைக்காவது படுக்கட்டும்."

"நீ ஏன் பிள்ளை முழுக்கச் சொல்லேல்ல?"

"நான் சொன்னா ஃபாமிலி கதை கட்டுது எண்டுவினம். நீங்கள் சொன்னாத்தான் அது எவிடன்ஸ். என்னையும் அப்பிடித்தானே படிப்பிச்சீங்கள். நான் இப்பவும் அப்பிடித்தான் செய்யிறன், யூ நோ? கை தானாப் போகுது."

அவர் வழக்கறிஞரோடு கதைக்கவேண்டும் என்று ஏதோ முணுமுணுத்தார். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தாயிடம் போனாள்.

அதற்குப் பிறகு அவருக்கு நித்திரை இல்லாமல் போனது. கோபத்தோடு வருகிறவர்களைச் சமாளிக்க அரசியல்வாதிக்குத் தெரியும். நன்றியோடு வருகிறவளை என்ன செய்வது? ஆண்டுத் திவசம் முடிந்த மறுநாள் பரிமளம் அவருடைய அலுவலகத்துக்கே சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தாள். சோறு, மூன்று மரக்கறி, பாயசம்.

"எனக்காக அண்டைக்கு அவங்களுக்கு எடுத்துச் சொன்னீங்களே அண்ணன். அவனுக்குப் படைச்சது. சாப்பிடுங்க."

அவள் போகும்வரை அவர் சிரித்துக்கொண்டே நின்றார். பிறகு கதவைப் பூட்டிவிட்டுப் பார்சலைப் பிரித்தார். ஒரு வாய் வைத்தார். மனிதர் அழுதார். வெளியே இருந்த உதவியாளர் தொலைபேசி அடிக்கிறது என்று கதவைத் தட்டியும் திறக்கவில்லை.

டேப் எல்லாம் உதவவில்லை. குளிருக்கு அது விட்டுப்போகும், மூடி திறக்கும். சில நேரம் மூடி திறக்க முந்தியே, பக்கத்தில் யாரோ குனிகிறதுபோல இருக்கையின் தோல் உரசிக் கேட்கும். ஒரு தரம் "பறவாயில்லை மனே, எடுக்காத" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பின் இருக்கையில் துர்க்கா இருந்தாள்.

"ஆரோட கதைக்கிறீங்க?"

அவர் எட்டி மூடியை அறைந்து சாத்தினார்.

"நான் இனி இந்தக் கார்ல ஏறமாட்டன்" என்றாள் துர்க்கா. "பஸ்ஸில போறன். நீங்க சொல்லவேண்டியதைச் சொல்லி முடியுங்க. பதவி போனாப் போகட்டும். திரும்பிப் போய்ப் பொடியளுக்குக் கார் பழக்குங்க." அந்தக் கடைசி வசனம் அவரைக் குத்தியது. அவள் வேண்டுமென்று சொல்லவில்லை.

அப்படியும் சொல்லவில்லை. மனிதன் லேசில் கதிரையை விடுகிற பிராணி இல்லை.

ஒரு மத்தியானம் மார்க்கம் ரோட்டில் அவரை மறித்தார்கள். வேகம் கொஞ்சம் கூடிவிட்டது. பின்னால் சிவப்பு நீல வெளிச்சம். அவர் ஓரமாக விட்டார், கண்ணாடியை இறக்கினார். அடுத்த கணம் பார்த்தால் அவர் உடம்பு வலப்பக்கம் சாய்ந்து கிடந்தது. கை குளொவ் பொக்ஸுக்குள் இருந்தது. டேப்பை எப்போது உரித்தார் என்றே தெரியவில்லை. எல்லாம் தெரிந்த மனிதர், ஒரு வருடமாக இதையே நினைத்துச் செத்துக்கொண்டிருந்தவர், அவருடைய கையும் அங்கேதான் போயிருந்தது.

பனியில் சப்பாத்துச் சத்தம் கிட்ட வந்தது. அவர் கையை வெளியே எடுக்கவும் பயந்து, உள்ளே வைக்கவும் பயந்து, அப்படியே உறைந்தார். விதுஷன் கடைசியாக இருந்த இருப்பு இதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. பெட்டிக்குள் சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது. இதைத்தான் அவன் பார்த்திருப்பான்.

"ஓ, சேர்" என்றது இங்கிலிஸில் ஒரு இளம் குரல். பொலிஸ்காரன் அவரை அடையாளம் கண்டுவிட்டான். "குட் ஆஃப்டர்நூன், மிஸ்டர் வீரக்குட்டி. கொஞ்சம் மெதுவாகப் போங்கள், ரோட்டு வழுக்குகிறது." சிரித்துவிட்டுத் திரும்பிப் போனான்.

அதே குனிவு, அதே பெட்டி, அதே கை. அவருக்குக் கிடைத்தது ஒரு வணக்கம். அவர் காரை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி, வீதியோரத்துப் பனியில் வெகுநேரம் நின்றார். அன்று பின்னேரமே கதிரையை விடுவதாக எழுதிக் கொடுத்தார். அடுத்து, விதுஷனுக்கு மரண விசாரணை நடத்தவிருந்தவர்களுக்குத் தொலைபேசி எடுத்து, தான் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்.

விசாரணை வசந்தம் பிறந்த பிறகு நடந்தது. ஐந்து பேர் கொண்ட யூரி, அவர்களுக்கு முன்னால் சாட்சிக் கூண்டு. பரிமளம் காதில் கருவி மாட்டிக்கொண்டு முன் வரிசையில் இருந்தாள். மொழிபெயர்ப்பாளர் கண்ணாடி அறைக்குள் இருந்து பேசினார். அன்புராசா இங்கிலிஸில் சொல்லச் சொல்ல, அது தமிழாகி அவள் காதுக்குப் போகக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

கிளிபோட்டைச் சொன்னார். பாலத்தைச் சொன்னார். கடைசி வகுப்பில் தான் சொல்லிக்கொடுக்கும் பாடத்தை, செய்துகாட்டச் சொல்லும் விதத்தை, விதுஷன் அதை எவ்வளவு வேகமாகச் செய்தான் என்பதைச் சொன்னார். அந்தப் பாடம் வேறொரு நாட்டுக்குரியது என்றார். இந்த நாட்டில் கை இரண்டையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, கேட்கும்வரை அசையாமல் இருக்கவேண்டும். அதைத் தான் ஒரு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. இவ்வளவும் முதல் மாதத்திலேயே தனக்கு விளங்கிவிட்டது. பதவிக்காகப் பேசாமல் இருந்தேன் என்றும் சொன்னார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பரிமளத்தின் முகம் கொஞ்சம் பிந்தி மாறியது. காதிலிருந்த கருவியைக் கழற்றி மடியில் வைத்தாள். கும்பிடவில்லை.

விதுஷன் கடதாசி எடுக்கவே குனிந்தான், ஆயுதத்துக்கு அல்ல என்று யூரியின் முடிவில் எழுதினார்கள். பத்திரிகைகள் அன்புராசாவைக் கிழித்துத் தோரணம் கட்டின. அதெல்லாம் அவருக்குப் பெரிதாக உறைக்கவில்லை. அவர் காத்திருந்தது வேறொன்றுக்கு. முடிவு வாசித்த அன்று கட்டடத்துக்கு வெளியே, வாகனத் தரிப்பிடத்தில், பரிமளம் மகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரிடம் வந்தாள்.

"அப்ப என்ர புள்ள சொல்லுக் கேட்டதாலதான் செத்தவன். அப்பிடித்தானே?"

வாழ்க்கை முழுக்க எந்தக் கேள்விக்கும் வளைத்துப் பதில் சொல்லத் தெரிந்த மனிதர். சுட்டவனைச் சொல்லலாம். எரியாத விளக்கைச் சொல்லலாம். அவையும் பொய்யில்லை.

"ஓம்" என்றார்.

அவள் அழுவாள் என்று நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் ஆயத்தமாக நின்றார். பரிமளம் அவர் காரின் பக்கம் பார்த்தாள். முன் கண்ணாடிக்கு உள்ளே, டேப் தொங்கிய நிலையில், அந்த மூடி திறந்து கிடந்தது.

"எத்தனை புள்ளையளுக்கு இப்பிடிப் படிப்பிச்சீங்க?"

"எல்லாருக்கும்."

"அதுகள் எல்லாம் இப்பவும் கார் ஓடுதுகள்தானே?"

இத்தனை நாளும் அன்புராசா செத்த ஒருவனையே நினைத்துப் பயந்துகொண்டிருந்தார். உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி அவர் நினைக்கவேயில்லை.

"அவங்களுக்குச் சொல்லுங்க" என்றாள் பரிமளம். "எனக்குச் சொல்லி என்ன செய்ய."

அவள் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தாள்.

இப்போது மல்வேர்னில் அவருடைய பழைய மாணவர்களுக்கு அழைப்பு வருகிறது. நம்பர் மாறியவர்களின் தாய் தகப்பனைத் தேடிப்பிடிக்கிறார், கலியாணவீட்டு வாசலில் நிற்கிறார், செத்தவீட்டில் முதல் வரிசையை விட்டுவிட்டுப் பின்னால் இளம் ஆட்கள் நிற்கும் இடத்துக்குப் போகிறார். அரசியல்வாதி அழைத்தால் சனங்கள் ஒன்றைத்தானே நினைப்பார்கள். "திரும்பவும் எலெக்சன் கேக்கிறீங்களோ அண்ணை?" என்று முகத்துக்கு நேரே சிரிக்கிறார்கள். சிலர் நம்பரைக் கண்டதும் எடுப்பதில்லை. அவர் மறுபடியும் அடிக்கிறார். மூடி இன்னமும் திறக்கிறது. இப்போது அவர் டேப் ஒட்டுவதில்லை, திறந்தபடியே விட்டு ஓடுகிறார்.

சென்ற கிழமை மரியோவுக்கு எடுத்தார். மரியோ மன்னார்ப் பொடியன், அவரிடம் படித்துப் பதினைந்து வருடம் இருக்கும். இப்போது இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

"மரியோ, நான் டிரைவிங் அன்புராசா. ஓடிக்கொண்டோ இருக்கிறாய்?"

"இல்லை அண்ணை, பார்க்கிங்கிலை. பிள்ளையளும் நிக்கினம். சொல்லுங்கோ."

"முந்தி உனக்கு ஒண்டு படிப்பிச்சனான். பொலிஸ் மறிச்சா என்ன செய்யவேணும் எண்டு."

மரியோ சிரித்தான். "பரலல் பார்க்கிங் கூட மறந்துபோச்சு அண்ணை. ஆனா அதை மட்டும் மறக்கேல்லை. போன மாசமும் மறிச்சவங்கள். அவன் இறங்கி வாறதுக்கு முந்தி எல்லாம் என்ரை கையிலை. மூத்தவனுக்கும் இப்பவே சொல்லிக்குடுத்திட்டன்."

அன்புராசாவின் வலது கால் தரையை அழுத்தி மிதித்தது.

"பிள்ளையைக் கூப்பிடு" என்றார். "ஸ்பீக்கரில போடு. நான் சொல்லுறன்."